தலைக்கு இருநூறு

ஒரு மகனின் விலை மாதம் இருநூறு ரூபாய். மகளுக்கும் அதே விலைதான். இது எனக்குத் தெரியவந்தது மூன்றாவது ஊரில். பிள்ளைகள் இருவரும் போய்விட்ட வீட்டைக் காலி செய்து எங்கே மாற்றல் வாங்குவது என்று, கம்பெனி சொன்ன மூன்று ஊர்களிலும் நானும் என் மனைவி வேதவல்லியும் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஊருக்குப் போன அன்று சாயங்காலத்துக்குள் ஊரைச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு ஊரிலும் எத்தனை பேர் என்று கேட்டார்கள். "ரெண்டே பேர்" என்றேன். தொந்தரவே இல்லை என்று அவர்களுக்கு ஏக சந்தோஷம். வேதவல்லி அடுப்படியைக்கூட எட்டிப் பார்க்காமல் திரும்பிவிட்டாள். மூன்றாவது ஊரில் நான் வாய் திறப்பதற்குள் அவளே, "நாலு பேர்" என்றாள்.

"தண்ணிக்குத் தலைக்கு இருநூறு. நாலு பேருக்கு எண்ணூறு ஆகும்," என்றார் வீட்டுக்காரம்மா. "பிள்ளைங்க எங்கே?"

"பையன் டொரான்டோ. பொண்ணு பூனா."

"அடியம்மா, அங்கேருந்தா இங்கே வந்து குளிக்கப் போறாங்க? நானூறு குடுங்க, போதும்."

கேட்காமலே பாதி விலை குறைத்த ஆளை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். வேதவல்லி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணூறே இருக்கட்டும்மா," என்றேன்.

"வெண்டைக்காய்க்கே அரை மணி நேரம் பேரம் பேசற மனுஷன்," என்று முணுமுணுத்தாள் வேதவல்லி. கையை விடவில்லை.

அங்கேயே நின்று கம்பெனிக்கு இந்த ஊரின் பெயரை அனுப்பினேன். வீட்டுக்காரம்மா நோட்டைப் பிரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "ஆள் நாலு. வந்தது ரெண்டு. பாக்கி ரெண்டு."