காஞ்சனா வீட்டுக் குழாய்

உள்ளங்கையில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் வரும் தண்ணீர் இப்போது எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று எல்லாரையும் போலக் காஞ்சனாவும் குழாயைத் திறந்தே வைத்திருக்கிறாள். அவள் மகன் ஹரிபிரசாத் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து குழாயில் மாட்டிய, ஒழுகலைக் கண்டுபிடிக்கும் பெட்டியோ, திறந்த குழாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து வீட்டில் ஒழுகுகிறதென்று தீர்மானித்து, தானாகவே வால்வை மூடிவிட்டது. சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. வரிசையாக நிற்கும் பதினோரு பிளாஸ்டிக் குடங்களிலும் காலை வெயில் மட்டும் நிறைகிறது. எதிர்வீட்டுத் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. "டேய் ஹரி, தண்ணி போய்க்கினே இருக்குதுடா, தெறடா!" என்று போனில் கெஞ்சுகிறாள். "லீக் எங்கன்னு பாத்து அடைம்மா, அப்பதான் தெறக்கும்" என்கிறான் அவன். "லீக் இல்லடா பாவி, அது நம்ம தண்ணிடா!" பெட்டிக்கு விபூதி பூசுகிறாள். பெட்டி இரண்டு தடவை தும்மிவிட்டு, தெலுங்கில் மன்னிப்புக் கேட்கிறது. திறக்க மட்டும் மாட்டேன் என்கிறது. காஞ்சனா காலிக் குடமொன்றை இடுப்பில் வைத்தபடி, எதிர்வீட்டுச் சத்தம் மெலிந்துகொண்டே போவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சத்தியம் செய்துவிட்டேனே, இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் தெருவுக்கு இன்னும் குழாயே போடவில்லை.