நன்றி கூற வந்த அழைப்பு

பெருந்தொற்று ஆண்டைத் தட்டுத் தடுமாறிக் கடந்த அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள எங்கள் ஊர்க் கடலுயிர் ஆய்வகம், நன்கொடையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நன்றி கூறியது. எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்பை என் மனைவி லொரெய்ன், நாங்கள் இருவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“உங்க உதவியாலதான் தாக்குப்பிடிச்சோம், மேடம். ஹாலிஸும் அமோகமா இருக்கார். மேவிஸ் ரெண்டு வாரம் அவர்கூடவே தங்கியிருந்தாங்க,” என்றது ஒரு குதூகலக் குரல்.

ஹாலிஸ் என்பவன் நான். மேவிஸ் என்பவள் அடுத்த வீட்டுக்காரி.

“எந்த மேவிஸ்?” லொரெய்னின் குரல் தணிந்தது.

“உங்க பக்கத்து வீட்டு மேவிஸ் பேருதான். ஒரே குடித்தனம், போங்க. எங்களுக்கெல்லாம் சிரிப்புத் தாங்கல.”

நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பொய்யைக் கண்டித்தவனால் இதைப் பொறுக்க இயலுமா?

“அபாண்டம். நாயைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு அவ வீட்டுக்குப் போனது மூணே தடவை. அதுவும் சீட்டாட மட்டும்,” என்று முழங்கினேன்.

மறுமுனை அவசரமாக விளக்கியது.

“சார், நன்கொடை குடுத்தவங்க பேரை எங்க தொட்டியில இருக்கிற சிங்கி இறாலுக்கு வைப்போம். நான் அதுங்களைத்தான் சொன்னேன்.”

லொரெய்ன் பணிவாக விடைபெற்று அழைப்பைத் துண்டித்தாள். பின்பு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே அமர்ந்தாள்.

“இறால் சமாச்சாரம் முடிஞ்சுது. இப்ப வாத்தியார் சமாச்சாரத்தைச் சொல்லுங்க.”