முதல் பாகத்துப் பையன்

பெரியவர் வீடியோ கேமின் இரண்டாம் பாக டிஸ்க்கை மேசையில் வைத்தார். “இது வேணாம். முதல் பாகத்தையே குடு.”

“அதுலதான் கீறல் விழுந்துடுச்சுன்னு இதை வாங்கிட்டுப் போனீங்க? அதே கார்ட்டூன் பையன்தான் சார். அதைவிட இது எவ்வளவோ மேல” என்றான் கடைக்காரன்.

“அன்னிக்கும் இப்படிச் சொல்லித்தான் என் தலையில கட்டின.”

“ஊர் பெருசு. வாள் சண்டை சும்மா பறக்கும். பழசுல சண்டையே மந்தம் சார்.”

“சண்டை யாருக்கு வேணும்? குரலை மாத்திட்டானுங்க.”

“குரல்தானே! பேரன் ரெண்டு நாள்ல பழகிடுவான்.”

“பேரனும் இல்ல, கீரனும் இல்ல. நான்தான் போடுறேன்.”

கடைக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களா? எத்தனை கட்டம் தாண்டினீங்க?”

“ஒண்ணும் தாண்டல. ஆரம்பத்துல அந்தப் பையன் அப்பனைத் தேடுவான். அதைக் கேட்டுட்டு அணைச்சிடுவேன். அப்புறம் மறுபடி போடுவேன்.”

கடைக்காரன் உள்ளே துழாவி, யாரோ விற்றுவிட்டுப் போன முதல் பாகத்தை எடுத்து வந்தான். பெரியவர் அதையும் நம்பவில்லை. அங்கேயே போட்டுக் காட்டச் சொன்னார்.

“அப்பா, எங்க இருக்கீங்க?” என்று திரையில் பையன் கூப்பிட்டான்.

“இன்னொரு தடவை போடு” என்றார் பெரியவர்.

“அப்படி என்ன சார் இருக்கு, இந்தப் பையன் குரல்ல?”

“பையனா? இந்த மாதிரிப் பொடியனுக்கெல்லாம் பொம்பளைங்கதான் குரல் குடுப்பாங்க. இது என் மக. என்கிட்ட பேச்சை விட்டுட்டா. இதுல மட்டும்தான் கூப்பிடுறா.”