படுத்துவிட்ட மென்பொருள்

"படுத்துக்கிட்டா பேசறீங்க? குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு!" மாரிகா போனில் சீறினாள்.

"படுத்துக்கிட்டுதான். லீவு போட்டவன் வேற என்ன பண்ணுவான்?" என்றார் உர்மாஸ்.

எஸ்டோனியக் கடலோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி அது. அங்குள்ள இயந்திரங்கள் செய்வதையெல்லாம் நொடிக்கு நொடி குறித்துவைக்கும் பதிவு மென்பொருள் காலையிலிருந்து படுத்துக்கிடந்தது. பதிவு ஓடாமல் அங்கே யாரும் கத்தியைத் தொடக் கூடாது. மாடியிலிருக்கும் ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர் தாவெத் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

கணினிப் பிரிவுக்கு மாரிகா தலைவியாகி ஒரு வாரம்தான் ஆகிறது. அந்த நாற்காலி உர்மாஸுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரோ காரணம் சொல்லாமல் லீவில் போய்விட்டார். அவர் போன மறுநாளே இப்படி.

"உண்மையைச் சொல்லுங்க உர்மாஸ். என் மேல இருக்கற கடுப்புல ஏதாவது பண்ணி வெச்சுட்டுப் போனீங்களா?"

"சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். அது என்ன பண்ணுது, அதைச் சொல்லு."

"கிளப்பினா எழுந்திருக்குது. மூச்சு விடறதுக்குள்ள செத்துடுது. டிஸ்க்ல இடம் இருக்கு. மெமரியும் இருக்கு. எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குது!"

"ராத்திரி கரண்ட் போயிட்டு வந்துச்சே, அதுக்கப்புறம்தானே?"

மாரிகாவுக்குச் சுருக்கென்றது. கரண்ட் போனது இந்தக் கட்டடத்தில் மட்டும்தான். ஊருக்குள் விளக்கு அணையவே இல்லை.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும், விடு."

"ராத்திரி இங்கதான் இருந்தீங்களா?"

"மாரிகா, நேரம் போகுது."

"அப்ப வீட்டுலேருந்தே உள்ள நுழைஞ்சு நீங்களே சரிபண்ணுங்க!"

"கை ஒழியல."

படுத்துக்கிடக்கிற மனுஷனுக்குக் கை ஒழியவில்லையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேலே ஓர் இதய ஆபரேஷன் நின்றுகொண்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எழுந்த உடனே சாகுதுன்னா, எழுந்த உடனே எதையோ படிக்குதுன்னு அர்த்தம்," என்றார் உர்மாஸ். "எழுதறதுக்காகக் காத்திருக்கற செய்தியெல்லாம் வரிசையா ஒரு ஃபோல்டர்ல இருக்கும். கரண்ட் போனப்ப கடைசிச் செய்தி பாதியில அறுந்திருக்கும். அதைக் கடிச்சுத்தான் பல்லு உடைஞ்சு விழுது. அந்த ஃபோல்டரை அப்படியே வேற இடத்துக்கு நகர்த்து. அழிச்சுடாதே. அப்புறம் கிளப்பு."

நகர்த்தினாள். கிளப்பினாள். விரல் நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்தாள்.

ஒரு வரி வந்தது. இன்னொன்று. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி வரிகள் கொட்டத் தொடங்கின.

"ஓடுது! உர்மாஸ், ஓடுது!"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

"கெட்டிக்காரி. அந்த நாற்காலி உனக்குத்தான் சரி. நான்தான் வேண்டாம்னு சொல்லி உன் பேரைக் கொடுத்தேன்."

"என்ன சொல்றீங்க? ஏன் வேண்டாம்னீங்க?"

உர்மாஸின் போனில் டாக்டர் தாவெத்தின் குரல் குறுக்கிட்டது: "திரையில பதிவு வந்துடுச்சு உர்மாஸ். போனை நர்ஸ்கிட்ட கொடுங்க, மயக்க மருந்து ஏத்தணும்."