முத்திரையிட்ட பெட்டி

களத்தில் பொறுக்கியதை உயிரோடு வெளியே கொண்டுவந்தால்தான் சொந்தம் என்பது அந்தக் கணினித் துப்பாக்கி விளையாட்டின் சட்டம். திரையில் மனைவியின் பையோ நிரம்பி வழிந்தது. முத்திரையிட்ட பெட்டி ஒன்றுக்கு இடம் வேண்டியிருந்தது.

"மருந்து, தோட்டா எல்லாத்தையும் தூக்கிப் போடறேன். இந்தத் தடவை பெட்டிக்குள்ள தங்கச் சாவிதான்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னே," என்றான் கணவன், பாத்திரம் துலக்கியபடி.

"முதல்ல வாயைக் கழுவுங்க. பாத்திரத்தை அப்புறம் கழுவலாம்."

பெட்டியை மட்டும் சுமந்து குண்டுமழைக்குத் தப்பி வெளியேறியவள், ஆசையோடு பெட்டியைத் திறந்தாள். துருப்பிடித்த ஆணிகள் மூன்று பல்லிளித்தன.

"எந்தப் பெட்டியில எது வரணும்னு முடிவு பண்றவன் விளங்குவானா?"

"விளங்கவே மாட்டான்," என்றான் கணவன், பயபக்தியோடு.

"அவன் பொண்டாட்டி எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ."

"பாவம், பொறுமைசாலி."

அவனுடைய கைபேசி அடித்தது. அவன் கை ஈரமாக இருந்ததால் அவளே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சார், லட்சம் பெட்டிக்கு ஒரு தங்கச் சாவின்னு நீங்க வச்சதுக்கு ஜனங்க கண்டபடி திட்டுறாங்க. கொஞ்சம் கூட்டட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து வங்கிக்கு மென்பொருள் எழுதுவதாகச் சொல்லிவந்த கணவன், மெல்லக் குழாயை மூடினான்.

மனைவி கைபேசியை அவன் வாயருகே நீட்டினாள்.

"கூட்டச் சொல்லுங்க, சார்," என்றாள், மிகுந்த மரியாதையோடு.