சின்யோரா கேட்ட பாரா

“ஒரு மீற்றர் எண்பத்தைந்து. அது நெருக்குப்படாமல் கொள்ளவேணும்,” என்று அகஸ்ரின் மறுபடியும் சொன்னான்.

கார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த இத்தாலியர் தலையில் கை வைத்தார். “தம்பி, பனிச்சறுக்குக் கட்டை காரின்ரை நீளத்துக்குக் கிடக்கும். நான் விக்கிறது கூரைக்குக் குறுக்காலை போற கம்பி. கட்டை எவ்வளவு நீளமெண்டாலும் எனக்கென்ன?”

“சின்யோரா சொன்னவ,” என்று தன் முதலாளியம்மாவைச் சாட்டினான். அதற்குமேல் வாதாட அவனுக்கு முகமில்லை. பிழை முழுக்க அவனுடையது.

கடைக்குள் நுழைந்ததும் “பாரா வேணும்” என்று அவன் கேட்டபோதே ஒரு கூத்து நடந்திருந்தது. கடைக்காரரின் முகம் கறுத்துவிட்டது. அபசகுனம் விலக இங்கத்தவர்கள் இரும்பைத் தொடுவதுபோல், மேசையின் இரும்பு விளிம்பை அவசரமாகத் தொட்டுக்கொண்டார். வெளியே நின்ற ஒரு காரின் கூரையை அகஸ்ரின் கையால் காட்டிய பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“ஓ, பார்ரே! பார்ரே!” என்று, கம்பிக்கான சொல்லை நாக்கை உருட்டிக் காட்டினார். அகஸ்ரினின் இத்தாலியன் சமையலறையில் காதால் படித்தது. அந்தக் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

திங்கட்கிழமையே முடித்திருக்கவேண்டிய வேலை இது. சின்யோராவின் ஒரே மகன் றுஜேரோவிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர் ஏறினால் மூன்றாவது ஆளின் செருப்புக்குக்கூட இடமில்லாத கார். அதில் பனிச்சறுக்குக் கட்டை ஏற்ற ஆசைப்படுகிறவனை என்ன சொல்வது!

“சனிக்கிழமை மலைக்குப் போறன் அகொஸ்தீனோ. கூரைக்கு நல்லதாப் பாத்து எடுத்து வை,” என்று, அகஸ்ரினை இத்தாலியன் பெயரில் கூப்பிட்டு அவன் சொல்லியிருந்தான். அகஸ்ரினுக்கு முதலில் கோயிலில் பாட்டுப் பயிற்சி, பிறகு கூட்டாளி றொனி வீட்டில் சீட்டு, பிறகு சும்மா சோம்பல். நாளைக்கு நாளைக்கென்று கிழமையே போய்விட்டது.

இன்று விடியக் கட்டைகளைக் காருக்குள்ளேயே செருகினார்கள். இரண்டு இருக்கைக்கும் நடுவால், கியருக்கு மேலால்.

“கியர் மாத்த ஏலுமோ?” என்று அகஸ்ரின் கேட்டான்.

“உன்ரை புண்ணியத்திலை மாத்தத்தானே வேணும்,” என்று றுஜேரோ சிரித்தான். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அந்தச் சிரிப்புத்தான் அகஸ்ரினைக் காலை முழுவதும் அரித்துக்கொண்டிருந்தது.

பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். சின்யோரா இல்லை. சமைக்கிற றோசமலரையும் காணவில்லை. டெலிபோன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் சின்யோரா அழுகிறாள்.

“நான் மலையிலை நிக்கிறன் அகொஸ்தீனோ. உனக்குச் சொல்லியிருப்பினம்.”

ஒருவரும் அவனுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு விளங்கிவிட்டது. கட்டை இடித்துக் கண்ணாடி உடைந்திருக்கும். கார் நடுவழியில் நின்றிருக்கும். மகன் தாயைக் கூப்பிட்டிருப்பான்.

“தெரியும் சின்யோரா. என்ரை பிழைதான்.”

“ஒருத்தற்றை பிழையும் இல்லை.” சின்யோரா விம்மினாள். “என்னாலை இறங்கிவந்து கடையிலை நிண்டு பாக்க ஏலாது. நீயே போய் பாராவைத் தெரிவு செய். அவனுக்கு என்ன பிடிக்குமெண்டு உனக்குத் தெரியும். மினுக்கம் வேண்டாம். ஒரு மீற்றர் எண்பத்தைந்து, நெருக்குப்படக் கூடாது. பின்னேரத்துக்குள்ளை வீட்டிலை இருக்கவேணும்.”

கூரைக் கம்பிக்கு இவ்வளவு அழுகையா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பணக்காரர் எதற்கு அழுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். காந்தத்தில் ஒட்டுகிற வகை, வேகமாகப் போனால் கழன்று பின்னால் வருகிறவன் தலையில் விழும். மழைத்தண்ணீர் வடிகிற விளிம்பில் மாட்டுகிற வகைக்கு, அந்தக் காரில் விளிம்பே கிடையாது. கதவுச் சட்டத்தில் கொக்கி போட்டு இறுக்குவதுதான் சரி. அதற்கு அடியில் தடித்த ரப்பரும் இருந்தது.

வெள்ளி நிறத்தில் மினுங்கியதை ஒதுக்கிவிட்டு, மங்கல் கறுப்பை அகஸ்ரின் எடுத்தான். அந்தக் கடையிலேயே விலை கூடியது அதுதான். கையில் இருந்த லீரா எல்லாம் போனதில் அவனுக்கு ஒரு நிம்மதி. இனி அந்தப் பிள்ளை கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு காரோட்டத் தேவையில்லை. அவன் வந்ததும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

நீளமான அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்து, பஸ்ஸில் எல்லாரிடமும் ஏச்சு வாங்கி, வீடு வந்து சேர்ந்தான். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. முன்மண்டபத்து நாற்காலிகளைச் சுவரோரமாக ஒதுக்கியிருந்தார்கள். சனிக்கிழமைக் கூட்டித் துடைப்பு என்று நினைத்தான்.

உள்ளேயிருந்து றோசமலர் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“பெட்டி எடுத்தாச்சே அண்ணை? நீங்கள் எடுக்கப் போயிட்டியளெண்டு சின்யோரா போனிலை சொன்னவ.”

“ஓம் பிள்ளை, இந்தா.” தோளிலிருந்ததை இறக்கி வைத்துத் தட்டிக் காட்டினான். “நல்லதாப் பாத்து எடுத்தனான்.”

அவள் அட்டையில் அச்சடித்திருந்த காரின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன இது?”

“பாரா. றுஜேரோவின்ரை கார்க் கூரைக்கு. சின்யோரா கேட்டது.”

றோசமலர் அவன் கையைப் பிடித்தாள்.

“பாரா எண்டால் சவப்பெட்டி, அண்ணை.”