அம்மாவுக்குத் தமிழில்

அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: முதலாளி பிரிங்க்மன், கவிசா, மடியில் பொரித்த றோல்ஸ் நிறைந்த பெட்டியோடு அவளுடைய அம்மா அம்பிகா.

ஹனோவரில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகம். மூன்று மாதம் கல்லூரியில் கணக்கியல், மூன்று மாதம் இங்கே சம்பளத்துக்கு வேலை என்று கவிசா மாறிமாறிப் படிக்கிறாள். பட்டம் வாங்கினாலும் விடமாட்டார்கள். வரி ஆலோசகர் பரீட்சை எழுதும்வரை இதே கதிரை, இதே மேசைதான்.

போன கிழமை, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சேர்ந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. ஒப்பந்தத்தில் அம்மாவும் கையெழுத்து வைத்திருந்தார். தாயையும் கூட்டிக்கொண்டு வா, பேசி முடிப்போம் என்றார் முதலாளி.

கவிசா பயப்படவில்லை. அம்மாவுக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழி, தெரியாது. பள்ளிக்கூடத்தில், டொக்டரிடத்தில், எங்கேயும் அவள்தான் அம்மாவின் வாய். ஆசிரியர்கள் சொன்ன குறையெல்லாம் பாராட்டாக மாறித்தான் அம்மாவின் காதுக்குப் போயிருக்கிறது.

இன்றைக்கும், முதலாளி உங்களுக்கு நன்றி சொல்லப் போகிறாராம் என்றுதான் சொல்லிக் கூட்டி வந்தாள். அதற்குத்தான் றோல்ஸ்.

பிரிங்க்மன் நீளமாகப் பேசினார். கெட்டிக்காரப் பெண், அவசரப்படுகிறாள், தாய் புத்தி சொல்லவேண்டும். இருப்பதென்றால் நடந்ததை மறந்துவிடலாம். இல்லையென்றால் இன்றோடு சரி.

அம்மா திரும்பினார்.

"என்னவாம்?"

"நான் நல்லா வேலை செய்யிறனாம். நீங்கள் நல்லா வளத்திருக்கிறியளாம்."

அம்மா தலையாட்டினார்.

கவிசா முதலாளியைப் பார்த்து, அம்மாவுக்குச் சம்மதம், நான் போகிறேன் என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

அம்மா றோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்தார்.

"மன்னிக்கவேண்டும், ஹெர் பிரிங்க்மன். இவள் எங்கேயும் போகமாட்டாள். திங்கட்கிழமையும் வருவாள்."

சுத்தமான டொச். ஒரு சொல் பிசகவில்லை.

இல்லை என்று ஒரு சொல் போதும். கவிசாவுக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும். ஓர் அந்நியன் முன்னால், முதன்முதலாகத் திறந்த அம்மாவின் வாயை அடைக்க அவளால் ஏலவில்லை.

பிரிங்க்மன் பெரிதாகச் சிரித்தார். இன்று வெள்ளிக்கிழமை, மதியத்துக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் வருவதில்லை, தாயை அனுப்பிவிட்டு வாசலைப் பூட்டிக்கொண்டு வா, வேலை கிடக்கிறது என்றார்.

வாசலில் அம்மா குளிர்ச்சட்டையின் பொத்தான்களைப் பூட்டினார். மறுபடி தமிழ்.

"அப்பாவுக்கும் நீயே சொல்லு. நல்லா வேலை செய்யிறியாம் எண்டு."

அவர் படியிறங்கினார். கவிசா கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.